இழுக்காதே, கொடு

நம் கடற்கரையில் இப்போதெல்லாம் கட்டுமரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வம்பாகீரப்பாளையத்திலும் வீராம்பட்டினத்திலும் மணலில் வரிசையாகக் கிடப்பவை ஃபைபர் படகுகள். அவை 2004 டிசம்பர் 26-க்கு முன்பே வந்துவிட்டவைதான். ஆனால் சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த படகுகளோடு எண்ணிக்கை ஒரேயடியாகக் கூடிப்போனது. அந்த அவசரத்தில் ஊருக்கு ஊர் பட்டறைகள் முளைத்தன.

ஃபைபர் படகு என்றால் நம்மில் பலருக்கு ஓர் இளக்காரம் உண்டு. "மோல்டுக்குள் துணியைப் போட வேண்டியது, மேலே ரெசினை ஊற்ற வேண்டியது, காய்ந்ததும் கழற்ற வேண்டியது. இதில் என்ன வித்தை?" என்று கேட்பார்கள். மரப்படகு கட்டிய ஆசாரிக்கு வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தவர்கள் நாம். துணி போடுகிறவனை "கூலி ஆள்" என்கிறோம். படகுக்கு இவ்வளவு என்று பேசி, சீக்கிரம் முடி என்று அவன் தலைமேல் நிற்கிறோம். இது சரியில்லை என்பது என் கருத்து. சரியில்லை என்பதோடு, கடலில் போகிறவன் உயிருக்கு ஆபத்தும்கூட. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் பௌதிகம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்தப் படகு எதனால் ஆனது? கண்ணாடியை உருக்கி முடியைவிட மெல்லிய இழையாக இழுத்து, அந்த இழைகளைத் துணியாக்குகிறார்கள். இதில் இரண்டு வகை. இழைகளைத் துண்டு துண்டாக வெட்டி, தாறுமாறாகப் பரப்பி ஒட்டியது 'மேட்'. தறியில் பாவும் ஊடுமாக நெய்தது 'ரோவிங்'. மோல்டின் உட்புறத்தில் வேக்ஸ் தேய்த்து, வண்ண ஜெல்கோட் அடித்து, அது பிசுபிசுக்கும் பதத்துக்கு வந்ததும் மேட், ரோவிங், மறுபடி மேட் என்று அடுக்கடுக்காக ரெசினில் நனைத்துப் போடுகிறார்கள். வலுவைக் கொடுப்பது துணி. ரெசினின் வேலை துணியை அதன் இடத்தில் பிடித்து வைப்பது. துணி இல்லாத இடத்தில் ரெசின் மட்டும் கட்டியாக நின்றால் அது பீங்கான் மாதிரி. அடி பட்டால் விரிந்துவிடும்.

ஆகவே துணி மோல்டின் ஒவ்வொரு மூலையிலும் ஒட்டி உட்கார வேண்டும், சுருக்கம் இருக்கக் கூடாது, இழைகள் நேராக ஓட வேண்டும். கேட்பதற்கு எளிது. படகு மேசை மாதிரி தட்டையாக இருந்தால் செய்வதற்கும் எளிதுதான். அது இரண்டு பக்கமும் வளைந்த கிண்ணம். அணியத்தில் குறுகி, நடுவில் அகன்று, அடியில் ஏராவுக்காகப் பள்ளமாக இறங்குகிறது. தட்டையான துணியை அந்தக் கிண்ணத்தில் இறக்கும்போது அது எங்காவது வழுக்கியாக வேண்டும், எங்காவது நின்றும் ஆக வேண்டும். எங்கே வழுக்கும், எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது உராய்வு. துணிக்கும் மோல்டுக்கும் இடையிலான உராய்வு, ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையிலான உராய்வு, துணிக்கும் கையிலிருக்கும் பிரஷ், ரோலருக்கும் இடையிலான உராய்வு. மூன்றும் சேர்ந்து நடத்தும் வேலை இது.

நான் படித்தது பிரெஞ்சு வழியில் என்பது இதைப் படிப்பவர்களுக்குத் தெரியும். உராய்வு என்ற தமிழ்ச் சொல் எனக்குப் பின்னால்தான் அறிமுகம். எங்களுக்கு அது 'ஃப்ரோத்மான்'. அமொந்தோன் என்பவர் 1699-இல் பாரீஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்த விதிகளை மனப்பாடம் செய்தோம். அழுத்தும் சுமை எவ்வளவு கூடுகிறதோ, உராய்வும் அதே விகிதத்தில் கூடும். தொடும் பரப்பின் அளவுக்கும் உராய்வுக்கும் சம்பந்தமில்லை. அதற்கு எண்பது ஆண்டு கழித்து வந்தவர் கூலோம். மின்சாரப் பாடத்தில் வரும் அதே கூலோம்தான். அவர் ராணுவப் பொறியாளர். ரோஷ்ஃபோர் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது அங்கிருந்த கப்பல் கட்டும் தளத்தையே ஆய்வுக்கூடமாக வைத்துக்கொண்டு மரத்தின்மேல் மரத்தையும், உலோகத்தின்மேல் மரத்தையும் இழுத்து இழுத்து அளந்தார். 1781-இல் அதற்காகப் பரிசும் பெற்றார். உராய்வைப் பற்றி உலகம் இன்றும் பாடமாகப் படிப்பது ஒரு கப்பல் பட்டறையில் அளந்து எழுதியது என்பதை நினைத்தால் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஆனால் அமொந்தோனின் விதிக்குத் துணி அப்படியே அடங்குவதில்லை. மரமும் இரும்பும் விறைப்பானவை. நார் மெத்தென்று கொடுக்கும். அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் நாரின் உராய்வு இரண்டு மடங்கு ஆவதில்லை, அதற்குக் குறைவாகவே கூடும் என்பதை நெசவுத் துறை ஆய்வாளர்கள் போன நூற்றாண்டின் நடுவிலேயே அளந்து சொல்லிவிட்டார்கள்.

அதைவிட ஆச்சரியமானது இன்னொன்று. பளபளவென்று மெருகேற்றிய உலோகத்தின்மேல் நார் நன்றாக வழுக்கும் என்றுதானே நினைப்போம்? பல சமயங்களில் நேர் எதிர். கண்ணாடிபோல் மெருகேற்றிய பரப்பில் மெல்லிய இழை தன் நீளம் முழுதும் படிந்துகொள்கிறது. படியும் இடம் கூடினால் பிடிப்பும் கூடுகிறது. லேசாகச் சொரசொரப்பான பரப்பில் இழை மேடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு போகிறது, ஆகவே எளிதாக ஓடுகிறது. கார்பன் நாரை வைத்துச் சோதித்தவர்களும் இதைக் கண்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் முன்பு மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். நான் இதை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி அவரிடம் சொன்னபோது சிரித்தார். "நூல் ஓடுற வழிகாட்டியை ரொம்ப மினுக்கக் கூடாதுன்னு எங்களுக்குத் தெரியாதா சார்? மினுக்கினா நூல் பிடிக்கும்" என்றார். முதலியார்பேட்டையில் மூடிக் கிடக்கும் ஆலைக்குள் எத்தனை அறிவு மூடிக் கிடக்கிறதோ என்று அன்றைக்குத் தோன்றியது.

இப்போது படகுக்கு வருவோம். கயிற்றை ஒரு கம்பத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்பது மீனவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கயிற்றுக்கும் கம்பத்துக்கும் உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்று சுற்றியதும் பிடிப்பு ஆறரை மடங்கு. இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு. அதனால்தான் ஒற்றை ஆள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பெரிய படகையே நிறுத்தி வைக்க முடிகிறது. துணிக்கும் இதே கணக்குதான். மோல்டின் ஒரு விளிம்பில் துணி செங்குத்தாக மடங்கி இறங்கினால் அது கால் சுற்று. அதே 0.3 உராய்வில், அந்த விளிம்பைத் தாண்டித் துணியை இழுக்க அறுபது விழுக்காடு கூடுதல் பலம் வேண்டும். இரண்டு மூன்று விளிம்புகள் தாண்டினால், இந்த முனையில் இழுப்பதில் ஒரு பகுதிதான் அந்த முனைக்குப் போய்ச் சேரும். துணி விறைத்து நிற்கும், அவ்வளவுதான்.

பள்ளமான மூலையில் நிலைமை இன்னும் மோசம். ஏரா இருக்கும் பள்ளத்தில் துணியை இறக்கிவிட்டு, மேல் விளிம்பிலிருந்து இழுத்துச் சரிசெய்யப் பார்த்தால், பள்ளத்தில் கிடந்த துணி மேலே எழும்பிவிடும். இரண்டு சுவருக்கும் நடுவே பாலம்போல நிற்கும். அடியில் காற்று தங்கும், அல்லது வெறும் ரெசின் தேங்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, ஜெல்கோட் பளபளவென்று இருக்கும். ஆனால் தினமும் அலையோடு வந்து மணலில் மோதுவது அந்த ஏராதான். முதலில் மயிரிழை விரிசல், பிறகு தண்ணீர் உள்ளே இறங்கும், அடுக்குகள் பிரியும். ஒரு நாள் கரையிலிருந்து வெகு தூரத்தில் அது வாயைப் பிளந்தால், நாம் "கடல் கொந்தளிப்பு" என்று எழுதி முடித்துவிடுவோம்.

பட்டறை ஒன்றில் நான் நின்று பார்த்திருக்கிறேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க மேஸ்திரி, புதிதாகச் சேர்ந்த பையனிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இழுக்காதடா, குடு." அதாவது, மேலிருந்து இழுத்து இறுக்காதே, பக்கவாட்டிலிருந்து தளர்வாகத் துணியை உள்ளே கொடு, பள்ளத்தில் முதலில் உட்காரட்டும், அதன் பிறகு மேலே போ. நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போக வேண்டும், ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்கு வரக் கூடாது. பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது, குத்தவேண்டும். தேய்த்தால் பிரஷ்ஷின் உராய்வு மேட்டின் இழைகளைக் கூடவே இழுத்துக்கொண்டு போய் ஓரிடத்தில் குவித்து, இன்னோரிடத்தைச் சல்லடை ஆக்கிவிடும். ரோலரும் உருள வேண்டும், வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. கணக்கு எதுவும் எழுதாமலே அந்த மனிதர் கம்பத்துக் கயிற்றின் கணக்கைக் கையில் வைத்திருந்தார்.

நேரமும் இதில் ஒரு பங்காளி. ஹார்ட்னர் கலந்த ரெசின் முதலில் எண்ணெய்போல ஓடும். அப்போது துணி மோல்டின்மேல் நன்றாக நகரும், செங்குத்தான இடங்களில் சரிந்து விழக்கூடச் செய்யும். சிறிது நேரத்தில் அது தேன்போல ஆகிறது, பிறகு பிசின்போல. அந்தக் கட்டத்தில் துணியைத் தொட்டால் சுருங்கும், கிழியும், அடியிலுள்ள அடுக்கையும் இழுத்துக்கொண்டு வரும். ஆகவே துணியை நகர்த்துவதற்கு என்று ஒரு பதம் இருக்கிறது, பாகு காய்ச்சுகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரியான பதம். நம் ஊர் மே மாத வெயிலில் அந்தப் பதம் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. அவசரப்படுகிற பட்டறையில் தவறு நேர்வது பெரும்பாலும் இங்கேதான். அடுத்த படகுக்கு ஓட வேண்டுமே என்று ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றுகிறார்கள். மூலையைச் சரிசெய்ய இருந்த சில நிமிடங்களும் அதோடு போய்விடுகின்றன.

"இதெல்லாம் கையால் செய்கிற பழைய முறை, இயந்திரம் வந்தால் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். என் அக்கா மகன் பிரான்சில் நாந்த் பக்கம் விமான உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறான். ஏர்பஸ் ஏ350 விமானத்தின் எடையில் பாதிக்கு மேல் இதேபோன்ற நார்த் துணியும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள்தான். அதன் நடு இறக்கைப் பெட்டியைச் செய்வதும் நாந்த் நகரில்தான். அவனிடம் நம் ஊர்ப் படகைப் பற்றிச் சொன்னேன். "மாமா, எங்களுக்கும் அதே தலைவலிதான், எங்கள் தலைவலிக்குச் சம்பளம் அதிகம், அவ்வளவுதான்" என்றான். அங்கே துணியை அச்சில் வைத்து அழுத்தும்போது ஓரங்களை ஒரு சட்டம் பிடித்துக்கொள்கிறது. பிடி இறுகினால் துணி கிழிகிறது, தளர்ந்தால் சுருங்குகிறது. அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காவிட்டால் உள்ளே மடிப்பு விழுகிறது. பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் ஒரே வகைத் துணியை எடுத்துக்கொண்டு அதன் உராய்வை அளந்து ஒப்பிட்டிருக்கின்றன. வேகம் மாறினால், சூடு மாறினால், அழுத்தம் மாறினால் எண்ணும் மாறுகிறது. ஆக, இயந்திரம் வந்த இடத்திலும் உராய்வு போகவில்லை. அதை அளப்பதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். நாம் அதை அறிந்த ஆளுக்கு, படகு ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறோம்.

இந்தப் படகுக்கணக்குக் கூலிதான் என்னை உறுத்துவது. படகுக்கு இவ்வளவு என்று பேசினால், மூலையில் துணியை உட்காரவைக்கச் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் தொழிலாளியின் பாக்கெட்டிலிருந்து போகிறது. நல்ல வேலை செய்கிறவன் நஷ்டப்படுகிறான், ஒப்பேற்றுகிறவன் லாபம் பார்க்கிறான். வேலை நேரத்துக்கும் கூலிக்கும் உள்ள உறவைப் பற்றி மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாமல் இருக்கலாம், புதுச்சேரிக்காரர்களுக்குப் புரியாமல் இருக்கக் கூடாது. 1936 ஜூலை 30-ஆம் தேதி இங்கே மில் தொழிலாளர் பன்னிரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டு, அதன் பிறகுதான் எட்டு மணி நேர வேலை என்ற உரிமை இந்த ஊருக்கு வந்தது. அந்தச் சிலைக்கு ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். அதே ஊரின் பட்டறையில் முகமூடிகூட இல்லாமல் ரெசின் நெடியில் குனிந்து நிற்கிறவனின் நேரத்துக்கு நாம் விலை வைக்கவில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். படகு வாங்குகிறவர் செல்வந்தர் அல்ல. இன்ஜின், வலை, டீசல் என்று ஏற்கெனவே கடனில் இருப்பவர். நாள்கூலி கொடுத்தால் படகின் விலை ஏறும் என்று பட்டறைக்காரர் சொல்வதும் பொய்யல்ல. ஆனால் எவ்வளவு ஏறும்? படகு முழுவதற்கும் நிதானம் வேண்டியதில்லை. தட்டையான பக்கங்களில் துணி தானாகவே உட்காரும். நிதானம் வேண்டிய இடங்கள் ஏரா, அணியம், அமரத்தில் இன்ஜின் மாட்டும் மூலை, பக்கச் சுவர் அடியோடு சேரும் வளைவு, இவ்வளவுதான். இந்த இடங்களுக்கு மட்டும் அனுபவசாலி ஒருவரை நாள்கூலியில் நிறுத்தினால் போதும். ஆறு மாதத்தில் ஏராவை ஒட்டுப்போட ஆகும் செலவையும், அந்த நாட்களில் கடலுக்குப் போகாத நஷ்டத்தையும் எதிர்ப்பக்கத்தில் எழுதிப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும்.

பணிக்காலத்தில் படகுக் கடன், மானியக் கோப்புகள் என் மேசை வழியாகவும் போயிருக்கின்றன. படிவத்தில் நீளம் கேட்பார்கள், அகலம் கேட்பார்கள், இன்ஜின் எத்தனை குதிரைசக்தி என்று கேட்பார்கள், மூன்று இடத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். ஏராவில் எத்தனை அடுக்குத் துணி என்று கேட்கும் பத்தி ஒன்றுகூட நான் கண்டதில்லை. ஒரு முறை குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். "தொழில்நுட்ப விஷயம், எழுத்தர் எல்லைக்குள் வராது" என்ற குறிப்போடு கோப்பு திரும்பி வந்தது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டதால் எல்லை எதுவும் இல்லை, ஆகவே இங்கே எழுதுகிறேன்.

என் யோசனைகள் நான்கு. ஒன்று, மானியமோ கடனோ கொடுக்கும் படகுக்கு, ஏராவிலும் மூலைகளிலும் எத்தனை அடுக்கு, எந்தத் துணி, போட்ட மேஸ்திரி யார் என்று ஒரே ஒரு தாள் இணைக்கட்டும். பெயர் எழுதினாலே பாதி ஒழுங்கு வரும், மேஸ்திரிக்கும் மரியாதை வரும். இரண்டு, ஐ.டி.ஐ.யில் ஃபைபர் வேலைக்கு ஒரு குறுகிய காலப் பயிற்சி வைத்து, பாடம் எடுக்க இந்த மேஸ்திரிகளையே அழைக்கட்டும். அவர்களிடம் சான்றிதழ் இருக்காது, அதற்காக விட்டுவிடக் கூடாது. மூன்று, மேலே சொன்ன நாலு இடங்களுக்காவது நாள்கூலி. நான்கு, அரசாங்கத்தைக் கேட்காமல் வாங்குகிறவரே செய்யக்கூடியது. உள்ளே பெயிண்ட் அடிக்கும் முன் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். நன்றாக நனைந்து உட்கார்ந்த துணி மங்கலான கண்ணாடிபோல இருக்கும். காற்று தங்கிய இடம் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். ஒரு விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மடிப்பும் தெரியும். பெயிண்ட் அடித்த பழைய படகு என்றால், ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து ஏரா நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் கணீர் என்று பேசும், அடுக்கு பிரிந்த இடம் பொத்தென்று பேசும். விமானத்தையும் இப்படித் தட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு, நம் படகைத் தட்டிப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ யாராவது புதுப் படகுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறார்கள் என்றால், இன்ஜின் எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன்பு, ஏராவில் துணி போடப் போவது யார், அவருக்குக் கூலி நாள்கணக்கா படகுக்கணக்கா என்று கேட்கச் சொல்லுங்கள். படகுக்கணக்கு என்றால், அந்த ஒரு நாள் கூலியைத் தனியாகக் கொடுத்து, அவரை நிதானமாக வேலை செய்யச் சொல்லுங்கள்.